படகில் யந்திரம் பிடித்த இடம்

வடக்கே தொண்டி, நம்புதாளை தொடங்கித் தேவிபட்டினம் வழியாய் மண்டபம் வரைக்கும், அங்கிருந்து பாம்பன் கால்வாயைக் கடந்து இராமேசுவரம் தீவைச் சுற்றி, மறுபடியும் தெற்கே கீழக்கரை, ஏர்வாடி வரைக்கும் நீண்டு கிடக்கிற இராமநாதபுரத்துக் கடற்கரையில், மீன்பிடி படகுகளுக்கு யந்திரம் வந்து இரண்டு தலைமுறை கழிந்துவிட்டது. அந்த வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் குதிரைத்திறனையும், பிடிபட்ட மீனின் எடையையும், எல்லைத் தகராறுகளையும் பற்றியே எழுதுகிறார்கள். அவை முக்கியமான விஷயங்கள்தாம். ஆயினும் படகில் ஏறிப் போகிறவனுக்கு அவற்றினும் அணுக்கமான வேறொரு விவகாரம் உண்டு. யந்திரம் படகின் எந்தப் பாகத்தில் உட்கார்ந்திருக்கிறது, நடுக்கடலில் அது நின்றுபோனால் எந்த வழியாய் இறங்கி அதைத் தொடலாம், அது உட்கார்ந்ததுபோக மனிதர் நிற்கவும் வலையைக் கிடத்தவும் எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்பதே அது. அளவுபட்ட ஒரு மரக்கலத்தில் யந்திரம் ஒரு சாண் பெற்றால் மனிதன் ஒரு சாண் இழக்கிறான். அந்தப் பங்கீடு காலந்தோறும் எவ்விதம் நடந்தது என்பதைச் சற்று நிதானமாய்ப் பார்க்கலாம்.

யந்திரம் வருமுன் இந்தக் கரையில் வேகம் என்பது காற்றுக் கொடுத்த வரம். காற்றுக்குப் படகினுள் இடம் ஒதுக்க வேண்டியதில்லை. பாம்பன் பக்கத்தார் பாக் விரிகுடாவை வடகடல் என்றும், மன்னார் வளைகுடாவைத் தென்கடல் என்றும் வழங்குவார்கள்; வாடைக் காற்று வீசும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்க, கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும். வடகடலோ ஆழமற்றது, பெரும்பாலான இடங்களில் பத்துப் பன்னிரண்டு மீட்டருக்குள் சேறும் மணலும் தட்டிவிடும். இப்படி ஒன்றுக்கொன்று மாறுபட்ட இரண்டு கடல்களுக்கும் ஏற்றபடி படகுத் தச்சர்களாகிய ஓடாவிகள் கட்டிய வள்ளமும் வத்தையும், ஏரா என்னும் அடிக்கட்டை தாழாமல், வங்கு என்னும் விலாச்சட்டங்கள் அகன்று, அணியம் என்னும் முன்கோடி முதல் அமரம் என்னும் பின்கோடி வரை திறந்த வெளியாய் இருந்தன. பாய்மரமும் பாயும் அதைத் தாங்கும் பருமலும் மேலே; கீழே முழுவதும் மனிதருக்கும் வலைக்கும் மீனுக்கும் சொந்தம்.

சென்னை மாகாண மீன்துறையின் தலைவராய் இருந்தவரும், 1914இல் சங்கைப் பற்றி ஒரு நூலும் 1920இல் இந்தியப் படகுகளின் அமைப்பைப் பற்றி ஓர் ஆராய்ச்சியும் வெளியிட்டவருமான ஜேம்ஸ் ஹார்னெல், பாக் நீரிணைப் படகுகளில் தாம் கண்ட ஒரு பலகையை விசேஷமாய்க் குறிப்பிட்டிருக்கிறார். படகுக்குக் குறுக்கே கிடத்தி, காற்றுவரும் பக்கமாய் வெளியே நீட்டிய அந்தப் பலகையின் நுனிக்கு ஆட்கள் ஏறிச் சென்று, தம் உடம்பின் பாரத்தாலேயே படகு கவிழாதபடி பிடித்துக்கொள்வார்கள். காற்று மிகுந்தால் பலகையில் ஆள் கூடுவார்கள். தணிந்தால் உள்ளே வருவார்கள். வேகத்தின் பொருட்டு மனிதன் படகை விட்டே வெளியேறி நின்றான் என்பதைக் கவனிக்க வேண்டும். தொண்டிப் பக்கத்துக் கடலோர ஊர்களில் திருவிழாக்களை ஒட்டி இன்றும் நடைபெறுகிற பாய்மரப் படகுப் போட்டியைப் பார்க்கிறவர்கள், பந்தயப் படகில் ஆளுக்கு இடம் எங்கே என்ற கேள்விக்கு நம் முன்னோர் சொன்ன விடையைப் பிரத்தியட்சமாய்க் காணலாம்.

பந்தயமும் மீன்பிடியும் அல்லாத மூன்றாவது உபயோகம் ஒன்றும் அந்தப் பாய்ப்படகுகளுக்கு இருந்தது. இராமேசுவரத்துக்கு வந்த யாத்திரிகர்களைத் தனுஷ்கோடிக்கு ஏற்றிச் செல்லும்பொருட்டு ஜைனுலாப்தீன் என்பவர், தம் உறவினர் அகமது ஜலாலுதீன் துணையோடு கடற்கரையிலேயே ஒரு மரப்படகைக் கட்டினார் என்பதும், அந்தப் படகு உருப்பெறுவதை அவருடைய இளைய மகன் அருகிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான் என்பதும், பிற்பாடு ஒரு புயல் அதை அடித்துக்கொண்டு போயிற்று என்பதும், குடியரசுத் தலைவராய் உயர்ந்த அந்த மகன் அப்துல் கலாம் தம் சுயசரிதையில் எழுதியிருப்பதால் தமிழர் பலரும் அறிந்த செய்திகள். அந்தப் படகில் கட்டணம் என்பது முழுக்க முழுக்க இடத்துக்கான விலை. வேகத்துக்கு யாரும் காசு கொடுக்கவில்லை.

வேகத்துக்குக் காசு கொடுத்தவர்கள் வேறு வழியில் போனார்கள். 1914ஆம் ஆண்டு பெப்ரவரி 24ஆம் தேதி பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டதும், சென்னையிலிருந்து கொழும்புக்குப் போகிறவர் ரயிலில் தனுஷ்கோடிக்கு வந்து, அங்கே நீராவிக் கப்பலில் ஏறி, ஏறக்குறைய 35 கிலோமீட்டர் அகலமுள்ள கடலைக் கடந்து, தலைமன்னாரில் மறுபடியும் ரயிலேறும் ஏற்பாடு உண்டாயிற்று. கர்ஸன், எல்ஜின், ஹார்டிஞ்சு என்று மூன்று வைஸ்ராய்களின் பெயரைத் தாங்கிய அந்தக் கப்பல்களில், கொதிகலனும் யந்திரமும் கப்பலின் வயிற்றுக்குள் தமக்கென்று தனி உலகமாய் அமைந்திருந்தன. மேல்தளத்துப் பிரயாணி அதைப் பார்த்ததில்லை, கீழே கரியள்ளிப் போட்டவன் கடலைப் பார்த்ததில்லை. கப்பல் பெரிதானால் இந்த இடத்தகராறே எழுவதில்லை என்பதற்காகவே இதை இங்கே சொல்கிறேன். 1964 டிசம்பர் 22 இரவில் வந்த புயல் தனுஷ்கோடியையும் அதன் துறையையும் அழித்தது. பாலம் மட்டும் ஈ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் செப்பனிடப்பட்டது. கப்பல் போக்குவரத்து இராமேசுவரத்துக்கு இடம்மாறி, இருபது ஆண்டுக்காலம் நடந்து, இலங்கைக் கலவரங்களையொட்டி நின்றுபோயிற்று.

சிறு படகுக்குள் யந்திரம் புகுந்ததுதான் நம் விஷயத்தின் மையம். சுதந்திரத்தை ஒட்டி மீன்பிடித் தொழிலை நவீனப்படுத்தும் முயற்சிகள் ஒரே சமயத்தில் பல இடங்களில் தொடங்கின. 1947இல் ஸ்தாபிக்கப்பட்ட மத்தியக் கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் பின்னர் மண்டபம் முகாமில் இயங்கிற்று. அடுத்த பத்தாண்டில் கேரளத்து நீண்டகரையில் நார்வே நாட்டின் உதவியோடு யந்திரப் படகுகள் சோதிக்கப்பட்டன. ஐக்கிய நாடுகள் சபையின் உணவு விவசாய நிறுவனம் அனுப்பிய படகு வடிவமைப்பு நிபுணர்கள் இந்தியக் கரைகளுக்கென்று வரைபடங்கள் தயாரித்தார்கள். 1957இல் கொச்சியில் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையம் தோன்றி அந்த வேலையைத் தொடர்ந்தது. தமிழ்நாட்டில் பாப்லோ என்ற பெயரில் பரவிய சிறு விசைப்படகுகளும், அவற்றைப் பின்பற்றிச் சற்றுப் பெரிதாய் வந்த இழுவைப் படகுகளும் இந்தக் காலத்தின் விளைவு. சர்க்கார் மானியத்தோடு அவை கரைக்கு வந்தபோது, பாயை விட்டு யந்திரத்துக்கு மாறியவர்கள் முதன்முதலாய் எதிர்கொண்ட ஆச்சரியம் வேகம் அல்ல, படகின் நடுவே எழுந்து நின்ற ஒரு கூண்டும் அதன் அடியில் இருண்டு கிடந்த ஒரு குழியுமே.

இழுவைப் படகின் அமைப்பை யோசித்தால் குழி ஏன் அங்கே வந்தது என்பது புலப்படும். அரை டன்னுக்கும் மேற்பட்ட டீசல் யந்திரத்தை நீரைப் பிளந்து மெதுவாய்ச் செல்லும் படகின் பின்கோடியில் வைத்தால் அமரம் அமிழ்ந்து அணியம் தூக்கிக்கொள்ளும். இழுவலையாகிய மடி கடலில் இழுபடும்போது அமிழ்வு இன்னும் அதிகமாகும். முன்கோடியில் வைத்தாலோ, சுழல்தண்டு படகின் நீளம் முழுவதும் ஓட வேண்டி, தாங்கிகள் பெருகி, அதிர்வும் தேய்மானமும் மிகும். ஆகவே ஏறத்தாழ நடுவில், டிரைவர் நிற்கும் கூண்டுக்குக் கீழே, யந்திரம் அமர்த்தப்பட்டது. மடியைச் சுருட்டும் விஞ்சுக்கும் அதே யந்திரம்தான் சக்தி கொடுக்க வேண்டுமாகையால் விஞ்சும் அதன் பக்கத்திலேயே நின்றது. பின்தளம் மடிக்கு, முன்தளத்துக்கு அடியில் ஐஸும் மீனும். இவ்வளவும் போக மனிதருக்கு மிஞ்சியது கூண்டின் ஓரமும் தளத்தின் மேற்பரப்புமே. பாக் விரிகுடாவில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கும் நான்கு நாள் நாட்டுப்படகுக்கும் என்று ஏற்பட்ட முறைப்படி, காலையில் போய் மறுநாள் காலையில் திரும்புகிற இராமேசுவரத்து விசைப்படகில், ஐந்தாறு பேர் இரவைக் கழிப்பது வலைக் குவியலின் மேல்தான். கப்பலில் கீழே போனவன் கடலைப் பார்க்கவில்லை என்றேன். இங்கே கீழே படுக்க இடமே இல்லாதபடியால் எல்லாரும் கடலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

குழிக்குள் இறங்குவது எப்படி? கூண்டின் தரைப்பலகையில் ஒரு மூடி இருக்கும். அதைத் தூக்கினால் ஓர் ஆள் உடம்பை ஒடுக்கி இறங்கலாம். யந்திரத்தின் இரு பக்கமும் வங்குகள் நெருங்கி வருவதால், ஒரு பக்கம் குந்தலாம். மறு பக்கத்துக்குக் கையை மட்டுமே நீட்டலாம். எந்தப் பக்கத்தில் டீசல் வடிகட்டி இருக்கிறது, எந்தப் பக்கத்தில் தண்ணீர் பம்பு இருக்கிறது என்பது கரையில் அற்ப விஷயம். கடலில் அது உயிர் விஷயம். வடகடலின் ஆழமற்ற நீரில் சேறும் பாசியும் சொறி என்னும் ஜெல்லிமீனும் குளிர்நீர்க் குழாயை அடைத்துக்கொள்வது சகஜம்; அடைத்தால் யந்திரம் கொதிக்கும்; உடனே மூடியைத் திறந்து, அனலுக்கும் டீசல் நெடிக்கும் நடுவே, அடித்தளத்தில் தேங்கிய எண்ணெய்த் தண்ணீரில் கால் நனைய, சல்லடையைக் கழற்றிக் கழுவ வேண்டும். சுழல்தண்டு படகை விட்டு வெளியேறும் துளையில் சுற்றிய கயிற்றுப்பொதி தேய்ந்து கடல்நீர் கசியத் தொடங்கினால் இடம் இன்னும் குறுகும். அந்தத் துளை பின்தளத்துக்கு அடியில், மடி குவிந்து கிடக்கிற பலகைகளுக்குக் கீழே அல்லவா இருக்கிறது! மடியைத் தள்ளி, பலகையைப் பெயர்த்து, தலைகீழாய்த் தொங்கி இறுக்குகிற அந்த வித்தையை எந்த வரைபடமும் சொல்லிக்கொடுக்கவில்லை. இந்தக் கரையில் விசைப்படகின் தலைவனுக்குத் தண்டேல் என்ற பழைய பெயர் மங்கி டிரைவர் என்ற பெயர் நிலைத்தது. காற்றையும் நீரோட்டத்தையும் அறிந்தவன் என்ற தகுதியோடு, குழிக்குள் இருட்டில் கைவிரலால் திருகாணியைக் கண்டுகொள்பவன் என்ற தகுதியும் அவனுக்கு வேண்டியிருந்தது. முதலாளியான சம்மாட்டி படகு வாங்கும்போது நீளத்தையும் குதிரைத்திறனையும் பார்ப்பார். டிரைவர் முதலில் மூடியைத் தூக்கிப் பார்ப்பார். என் அபிப்பிராயத்தில் டிரைவரின் பரீட்சையே மேலானது.

இந்த இழுபறி நம் கரைக்கு மட்டும் உரியதன்று. உல்லாசத்துக்கும் பந்தயத்துக்கும் படகு கட்டிய செல்வ நாடுகளிலும் இதே கணக்கை வேறு விதமாய்ப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். 1920களில் அமெரிக்காவில் கிறிஸ்-கிராஃப்ட் முதலிய கம்பெனிகள் கட்டிய வார்னிஷ் மரப் படகுகளில் யந்திரம் நட்டநடுவே இருந்தது. மேலே இரண்டு நீண்ட மூடிகள். இரண்டையும் விரித்தால் யந்திரத்தின் இரு பக்கமும் தாராளமாய் வெளிப்படும். அதற்கு அவர்கள் கொடுத்த விலை, உட்காருமிடம் முன்னொன்று பின்னொன்றாய் இரண்டாகப் பிளவுபட்டது. முன்னே இருந்தவர் சொன்னது யந்திர ஓசையில் பின்னே இருந்தவருக்குக் கேட்காது. 1959இல் ஸ்வீடனின் வால்வோ பென்டா கம்பெனி, யந்திரத்தைப் படகினுள் பின்சுவரை ஒட்டி வைத்து, சுழலியை மட்டும் சுவருக்கு வெளியே தொங்கவிடும் அமைப்பைக் கொண்டுவந்தது. மறு ஆண்டு மயாமியிலிருந்து நாசோ தீவுக்கு நடந்த பந்தயத்தில் ரே ஹண்ட் என்ற வடிவமைப்பாளர் வரைந்த, அடிப்பாகம் ஆழ்ந்து கூர்ந்த படகு வென்றது. இந்த இரண்டும் சேர்ந்தபின் வேகப்படகுகளில் யந்திரம் பின்னால் போய்விட்டது. நடுவிடம் முழுவதும் மனிதருக்குத் திரும்பக் கிடைத்தது. நீரின் மேல் எழும்பிச் சறுக்குகிற படகுக்குப் பின்பாரம் உதவியே செய்யும். ஆகையால் அவர்களுக்கு அது சாத்தியமாயிற்று. 1962இல் இத்தாலியில் வெளிவந்த ரீவா அக்வராமா என்ற அழகிய படகில் இரட்டை யந்திரங்களின் மேல் மெத்தை விரித்து வெயில் காய இடம் செய்திருந்தார்கள். மெத்தை அழகுதான், அடியில் அடுத்தடுத்து நெருங்கிக் கிடக்கும் இரண்டு யந்திரங்களின் உட்பக்கத்தை எட்டித் தொட வேண்டிய மெக்கானிக்கின் முழங்கையை அதை வரைந்தவர் நினைத்திருக்க மாட்டார். உட்காருகிறவருக்கு இடம் பெருகப் பெருக, பழுது பார்க்கிறவனுக்கு இடம் சுருங்கும் என்பது அங்கும் மெய்யாயிற்று.

நம் கரையில் இந்தச் சிக்கலுக்கு நல்ல தீர்வு பெரிய படகிலிருந்து வராமல் சிறிய வள்ளத்திலிருந்து வந்தது. 1980களில் நாட்டுப்படகுகள் யந்திரத்துக்கு மாறத் தொடங்கியபோது, இத்தாலியின் லம்பார்டினி வடிவத்தில் இந்தியாவிலேயே கிரீவ்ஸ் கம்பெனி தயாரித்த சிறிய டீசல் யந்திரம் கடற்கரையெங்கும் பரவிற்று. அது காற்றினால் குளிர்வது. ஆகையால் கடல்நீரை உள்ளே இழுக்கும் குழாயும் பம்பும் சல்லடையும் அதற்கு வேண்டியதில்லை. வடகடலின் சேற்றுக்கும் சொறிக்கும் அஞ்ச வேண்டிய ஹேது அதனால் அற்றுப்போயிற்று. ஓசை மட்டும் செவியைத் துளைக்கும். அதைப் பின்புறத்தில் ஒரு மரப்பெட்டியால் மூடி வைத்தார்கள். பெட்டியைத் தூக்கி அப்பால் வைத்தால் நான்கு பக்கமும் யந்திரம் திறந்த வெளியில் நிற்கும். வேலையில்லாத நேரத்தில் அதே பெட்டி ஆசனம். அக்காலத்தில் சென்னையைத் தலைமையிடமாய்க் கொண்டு இயங்கிய வங்காள விரிகுடா மீன்வளத் திட்டம், யந்திரத்தையும் சுழல்தண்டையும் ஒரே சட்டத்தில் பொருத்தி, கரையேறும்போது சுழலியைத் தூக்கிக்கொள்ளும் ஓர் அமைப்பையே உருவாக்கிற்று. நீண்ட வாலுடைய லாங்டெயில் யந்திரமோ இன்னும் எளிது. அதில் குழியும் இல்லை, துளையும் இல்லை. ஆழம் குறைந்தால் வாலைத் தூக்கினால் போதும். யந்திரத்தின் எல்லாப் பாகமும் கைக்கெட்ட, நடுப்படகு முழுவதும் வலைக்கும் ஆளுக்கும் விடப்பட்ட இந்த ஏற்பாடு, பாய்க்காலத்துத் திறந்த வள்ளத்தின் சௌகரியத்தை ஏறக்குறைய அப்படியே மீட்டுத் தந்தது. எந்த நிபுணர் குழுவுக்கும் தோன்றாத சில திருத்தங்களை — பெட்டியின் உயரம், புகைக்குழாயின் திசை, டீசல் டப்பாவின் இடம் — கரையிலிருந்தவர்களே தங்கள் அனுபவத்தால் செய்துகொண்டார்கள்.

கண்ணாடியிழைப் படகும் அதன் பின்சுவரில் தொங்கும் அவுட்போர்டு மோட்டாரும் வந்தது இதற்கு அடுத்த கதை. 1909இல் அமெரிக்காவில் ஓலே எவின்ரூட் விற்பனைக்குக் கொண்டுவந்த அந்த யோசனை, யந்திரத்தைப் படகை விட்டே வெளியேற்றியதால், இடத்தகராறை அடியோடு தீர்த்துவிட்டதாய்த் தோன்றும். 1983க்குப் பின்னர் இலங்கையின் வடகரையிலிருந்து உயிர் தப்பித் தனுஷ்கோடி மணல் திட்டுகளில் வந்து இறங்கியவர்களில் பலரை ஏற்றி வந்தவை இத்தகைய படகுகளே. ஓர் அங்குலம் விடாமல் மனிதரை நிரப்பிக்கொண்டு இரவில் அந்தக் குறுகிய கடலைத் தாண்டுவதற்கு உள்ளே யந்திரம் இல்லாத படகே ஏற்றதாயிருந்தது. ஆயினும் இடத்தைத் தந்த அந்த மோட்டாரை நடுக்கடலில் பழுது பார்ப்பது எளிதென்று சொல்ல முடியாது. மூடியைக் கழற்றுகிறவன் பின்சுவருக்கு மேல் வளைந்து, அலைக்கு முதுகைக் காட்டாமல், கையிலிருந்து நழுவும் ஒவ்வொரு திருகாணியையும் கடலுக்குக் காணிக்கையாக்கிக்கொண்டு வேலை செய்ய வேண்டும். வள்ளத்துப் பெட்டிக்குள் விழுந்த திருகாணி படகிலேயே கிடக்கும்.

சர்க்காரின் வேகப்படகுகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் ரோந்துப் படகுகள் மணிக்கு முப்பது கடல் மைலுக்கு மேல் ஓடக்கூடியவை. வேகமே அவற்றின் தர்மம். பழுது வந்தால் துறைமுகத்துக்கு இழுத்து வந்து பார்த்துக்கொள்ளலாம் என்ற தைரியத்தில் கட்டப்பட்டவை. ஆழமற்ற வடகடலுக்கென்று மண்டபத்தில் கடலோரக் காவல் படை நிறுத்தியிருக்கும் ஹோவர்கிராஃப்டோ படகென்றே சொல்லத்தக்கதல்ல. காற்று மெத்தையின் மேல் போகிற அதற்கு மணல் திட்டும் ஒன்றுதான், தண்ணீரும் ஒன்றுதான்.

மீனவர் படகுகளில் இப்போது கவலைக்குரியது, யந்திரம் வரவரப் பெருத்து வருவது. வேகமாய்ப் போய் முன்னதாய் மடி இறக்க வேண்டும் என்ற போட்டியில், நூறு குதிரைத்திறனுக்குக் கட்டிய குழிக்குள் அதைவிடப் பன்மடங்கு சக்தியுள்ள யந்திரத்தைத் திணிக்கிற பழக்கம் தமிழகக் கரையில் பரவவே, 2020ஆம் ஆண்டின் விதிகள் படகின் நீளத்துக்கு 24 மீட்டர் என்றும் யந்திரத்துக்கு 240 குதிரைத்திறன் என்றும் வரம்பு கட்டின. மீன்வளத்தைக் காக்கவே அந்த வரம்பு என்பது வெளிப்படை. எனினும் குழிக்குள் இறங்குகிறவனுடைய விலாவையும் முழங்கையையும் அது ஓரளவு காப்பாற்றியிருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

2017இல் பாக் விரிகுடாவின் இழுவைப் படகுகளை ஆழ்கடல் சூரைமீன் படகுகளாய் மாற்றும் திட்டம் இராமேசுவரத்தில் தொடங்கி வைக்கப்பட்டது. ஒரு படகின் மதிப்பு 80 லட்சம் ரூபாய் என்றும், அதில் பாதியை மத்திய சர்க்காரும் ஐந்தில் ஒரு பங்கை மாநில சர்க்காரும் ஏற்கும் என்றும், மூன்று ஆண்டுகளில் 2000 படகுகள் மாற்றப்படும் என்றும் அறிவித்தார்கள். கட்டி முடிந்தவை அந்தக் கணக்குக்கு வெகு தூரம் பிந்தி நிற்கின்றன. ஆழ்கடல் படகு காலையில் போய் மறுநாள் திரும்புவதன்று. நாட்கணக்காய், சில சமயம் வாரக்கணக்காய்க் கடலிலே கிடப்பது. அதில் படுக்கவும் சமைக்கவும் இடம் வேண்டும். கரைக்கு இழுத்து வர இயலாத தூரத்தில் யந்திரம் நின்றால் இரு பக்கமும் இறங்கிப் பார்க்க வழியும் வேண்டும். ஆகையால் மீன்வளத் துறையாரும் கொச்சி நிபுணர்களும் அடுத்த வரைபடத்தை முடிவு செய்யுமுன், இராமேசுவரம், பாம்பன், மண்டபம் துறைகளின் டிரைவர்களை அழைத்து, யந்திர அறையின் மாதிரியை மரச்சட்டத்தில் கட்டி வைத்து, அவர்களை உள்ளே இறங்கி ஏறச் செய்து, அவர்கள் சொல்லும் குறைகளை எழுத்தில் பதிந்துகொண்டு, அதன்பிறகே கையொப்பமிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.